ஒற்றைப் பாடலின் பாடகர்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செய்யுள்களும் ஈழத்துக் கவிதைகளும் பேசப்படுகின்ற இத்தொடரிலே, இன்று நான் ஒரு பொப் பாடகரைப் பற்றிப் பேசப்போகின்றேன் என்றால் உங்களிற் சிலர் வியப்படையக்கூடும். தமிழ் வாத்தியாருக்கு இது வேண்டாத வேலை என்று நினைப்பவர்களும் இருக்கலாம். அந்த நினைப்பிலும் நியாயம் உண்டு. ஆனால், இந்த விடயம் எனது வகுப்பறையிலேதான் முளைத்தது என்பதை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

உயர்தர வகுப்பிலே குறுந்தொகை படிப்பித்துக்கொண்டிருந்தேன். நாற்பதாம் பாடல். அதைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. செம்மண் நிலத்திலே பெய்த மழைநீர் என்ற அப்பாடலின் உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது. செம்புலப் பெயனீரார் என்கிறோம். அவர் பெயரிலே கிடைத்திருப்பது அந்த ஒரேயொரு பாடல்தான். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், அப்ப இவரும் ஒரு பாட்டோடை முடிஞ்ச ஆள்தானே? பொப் பாடகர்களிலையும் அப்பிடி ஆக்கள் இருக்கினம். ஒரு பாட்டு உலகம் முழுக்க ஓடும். பிறகு ஆளைக் காணேலாது."

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். வீட்டுக்கு வந்த பின்னர்தான், கேட்ட பிள்ளை சிரிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவன் ஒன்பதாந் தரத்திலே தமிழ்மொழித் தினப் போட்டியில் தனியிசையிலே முதலிடம் பெற்றவன். அடுத்த ஆண்டு குரல் உடைந்தது. பின்னர் அவனை எவரும் மேடைக்கு அழைக்கவில்லை. அவன் கேட்டது செம்புலப் பெயனீராரைப் பற்றி மட்டுமன்று என்று எனக்குப் பட்டது. அன்றிரவு, அவனுக்கு எந்தப் பாடகரின் கதையைச் சொல்லலாம் என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தவர்தான் ஜப்பானியப் பாடகர் சகமோட்டோ கியூ.

அவருடைய பாடலை நான் முதன்முதலிற் கேட்டது தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்திலே. மின்சாரம் இல்லை, பற்றரி கிடையாது. சைக்கிளை நிறுத்திவைத்து, அண்ணா பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்திலே வானொலி பாடும். ஓர் இரவு ஏதோவொரு சிற்றலை நிலையத்திலே புரியாத மொழியில் ஓர் இளைஞர் பாடினார். இடையிலே சொற்களை நிறுத்திவிட்டுச் சீழ்க்கை அடித்தார். மகிழ்ச்சியான பாட்டுப்போல இருந்தது. ஆனால் கேட்டு முடிந்ததும் நெஞ்சு கனத்தது. அதன் காரணம் எனக்கு விளங்கப் பல வருடங்கள் சென்றன.

சகமோட்டோ கியூ 1941 டிசெம்பர் 10ஆம் திகதி, டோக்கியோவுக்கு அருகிலுள்ள கவசாக்கி நகரிலே பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. 'கியூ' என்றால் ஜப்பானிய மொழியிலே ஒன்பது. போருக்குப் பிந்திய ஜப்பானிலே, எல்விஸ் பிறெஸ்லியின் பாடல்களைக் கேட்டு அவரைப்போலப் பாடித் திரிந்த பல பையன்களில் இவரும் ஒருவர். பதினாறு பதினேழு வயதிலேயே இசைக்குழுக்களிற் சேர்ந்துவிட்டார்.

இனி, பாடலின் பிறப்பைப் பார்ப்போம். எழுதியவர் எய் றொக்குசுக்கே. இசையமைத்தவர் நக்கமுரா ஹச்சிடாய். 'றொக்கு' என்றால் ஆறு, 'ஹச்சி' என்றால் எட்டு, 'கியூ' என்றால் ஒன்பது. ஆகவே இம்மூவரையும் ஜப்பானியர் 'ஆறு, எட்டு, ஒன்பது' என்று சேர்த்து அழைத்தனர்.

1960ஆம் ஆண்டு ஜப்பானிலே பெருங் கொந்தளிப்பு. அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கையைப் புதுப்பிக்கக் கூடாதென்று இலட்சக்கணக்கான மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஜூன் 15ஆம் திகதி பாராளுமன்ற வளவிலே நடந்த மோதலில் ஒரு பல்கலைக்கழக மாணவி உயிரிழந்தாள். அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவரின் வருகை கைவிடப்பட்டது. ஆயினும், நான்கு நாட்களின் பின்னர் உடன்படிக்கை நிறைவேறிவிட்டது. அந்த ஊர்வலங்களிலே கலந்துகொண்ட எய், தோற்றுப்போன மனத்தோடு வீடு திரும்பிய அனுபவத்திலிருந்தே இந்தப் பாடலை எழுதினார்.

ஆனால் பாடலைத் தேடிப்பாருங்கள். அதிலே உடன்படிக்கையும் இல்லை, அமெரிக்காவும் இல்லை, ஊர்வலமும் இல்லை. ஓர் ஆள் இரவிலே தனியே நடக்கிறான். கண்ணீர் சிந்திவிடக் கூடாதென்பதற்காக முகத்தை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறான். அவ்வளவுதான். பாடலின் தலைப்பும் அதுவே. 'ஊஎ ஓ முயித்தே அறுக்கோ'. தமிழிலே சொன்னால், 'மேலே நோக்கி நடப்போம்'. துயரத்தின் காரணத்தைச் சொல்லாமல் விட்டமையாற்றான் எல்லோருடைய துயரமும் அதற்குள்ளே இடம்பிடித்தது எனலாம். அகப்பாடலிலே பெயர் சுட்டக்கூடாது என்று நமது தொல்காப்பியர் விதித்ததன் பொருளை, இந்தப் பாடலைக் கொண்டும் மாணவர்க்கு விளக்கலாம்.

1961ஆம் ஆண்டு தொலைக்காட்சியிலும், ஒக்டோபரில் இசைத்தட்டிலும் பாடல் வெளிவந்தது. பாடியவருக்கு அப்போது வயது பத்தொன்பது. உயிரெழுத்துக்களை விக்கி விக்கி உடைத்து அவர் பாடிய விதம், சொற்களை அருமையாகக் கோத்த எய்க்கு ஆரம்பத்திலே பிடிக்கவில்லை. ஆனால் அந்த விக்கல்தான் அழுகையை அடக்குகின்ற மனிதனின் குரலாக மக்களின் காதிலே விழுந்தது. முதலடியின் மெட்டு நமது மோகனத்தின் சுரங்களுக்குள்ளேயே நிற்கின்றது. நமது காதுக்கு அது அந்நியமாகத் தோன்றாமைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ஜப்பானிலே பாடல் பெரும் பிரபல்யம் அடைந்தது.

இனித்தான் கதையின் முக்கிய கட்டம். பிரித்தானியாவின் பை இசைத்தட்டுக் கம்பனியைச் சேர்ந்த லூயி பெஞ்சமின் ஜப்பானுக்குச் சென்றபோது இந்தப் பாடலைக் கேட்டார். மெட்டு அவரைக் கவர்ந்தது. கெனி போல் என்பவரின் ஜாஸ் குழுவைக் கொண்டு வாத்திய இசையாகப் பதிவுசெய்தார். 1963இன் தொடக்கத்தில் அது பிரித்தானியத் தரவரிசையிலே பத்தாம் இடம்வரை சென்றது. ஆனால் 'ஊஎ ஓ முயித்தே அறுக்கோ' என்ற தலைப்பு ஆங்கிலேயரின் வாயிலே நுழையாது என்று கருதி அதை மாற்றிவிட்டார்கள். புதிய பெயர் 'சுக்கியாக்கி'.

நேயர்களே, சுக்கியாக்கி என்பது ஓர் உணவு. மெல்லிதாகச் சீவிய மாட்டிறைச்சியை மரக்கறிகளோடு சோயாச் சாற்றிலும் சீனியிலும் இட்டுச் சமைக்கின்ற ஒரு சட்டிக் கறி. பாடலுக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. வெளிநாட்டார்க்குத் தெரிந்த ஜப்பானியச் சொல் என்பதே அதன் ஒரே தகுதி. நமது நாட்டின் ஓர் ஒப்பாரியை வெளிநாட்டிலே 'கொத்துரொட்டி' என்ற பெயரில் விற்றால் நமக்கு எப்படியிருக்கும்? அப்படித்தான் இது.

பின்னர் அமெரிக்காவிலே, வொஷிங்டன் மாநிலத்தின் பாஸ்கோ என்ற சிறு நகரத்து வானொலி அறிவிப்பாளர் ஒருவர் சகமோட்டோவின் சொந்தக் குரலிலான இசைத்தட்டை ஒலிபரப்பினார். நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வானொலியிலே பேசுகின்ற எனக்கு இந்தச் செய்தி தனி மகிழ்ச்சி தருகின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கப்பிட்டல் இசைத்தட்டுக் கம்பனி அதை வெளியிட்டது. 'பில்போர்ட்' சஞ்சிகையின் அமெரிக்கத் தரவரிசையில் பாடல் முதலிடத்தைப் பிடித்து, மூன்று வாரங்கள் அங்கேயே நின்றது.

அது முதலிடத்துக்கு வந்த தரவரிசையின் திகதி என்ன தெரியுமா? 1963 ஜூன் 15. பாராளுமன்ற வளவில் அந்த மாணவி உயிரிழந்து சரியாக மூன்று ஆண்டுகள். அமெரிக்காவுடனான உடன்படிக்கையை எதிர்த்துத் தோற்றவரின் கண்ணீரை அமெரிக்க மக்களே காசு கொடுத்து வாங்கி முதலிடத்திலே வைத்தார்கள். அவர்களுக்கு அது தெரியாது. சட்டிக்கறியின் பெயரிலே அதை முணுமுணுத்துத் திரிந்தார்கள். இதை வெற்றி என்பதா, ஏமாற்றம் என்பதா? நான் பல நாள் யோசித்தும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

1963 ஒகஸ்ட் மாதம் சகமோட்டோ அமெரிக்கா சென்று, ஸ்டீவ் அலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே பாடினார். 'சைனா நைட்ஸ்' என்ற பெயரிலே அங்கு வெளியான அவருடைய அடுத்த பாடல் 58ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அதன்பின் அமெரிக்கத் தரவரிசைகள் அவரை மறந்துவிட்டன. அங்கே அவர் 'ஒரு பாட்டோடை முடிஞ்ச ஆள்'.

ஆனால் ஜப்பானிலே கதை வேறு. அதே 1963இல் அவர் பாடிய, இரவின் விண்மீன்களை நிமிர்ந்து பார்க்கச் சொல்லும் பாடலும், நாளை என்று ஒன்று இருக்கிறதே என்று தேற்றும் பாடலும் இன்றுவரை அங்கே பாடப்படுகின்றன. திரைப்படங்களில் நடித்தார். எழுபதுகளிலே சிறுவர்களின் பெருவிருப்புக்குரிய ஒரு பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடருக்குக் கதைசொல்லியாக இருந்தார். ஹொக்கைடோ மாநிலத்தில், உடல் வலுக்குறைந்தோரின் நலன் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றைப் பல ஆண்டுகள் நடத்தினார். புன்னகைக்கும் பருத்தழும்பு கொண்ட அந்த முகம் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். ஒரே மனிதர், ஓர் ஏட்டிலே ஒரு வரி, இன்னோர் ஏட்டிலே ஒரு வாழ்க்கை. ஆகவே, 'ஒற்றைப் பாடலின் பாடகர்' என்ற தீர்ப்பு பாடகரைப் பற்றியதா, ஏட்டை எழுதியவரைப் பற்றியதா என்பதை நாம் கேட்டுப்பார்க்க வேண்டும்.

1985 ஒகஸ்ட் 12. முன்னோரை நினைவுகூரும் ஓபோன் பண்டிகைக்காக ஜப்பானியர் ஊர்களுக்குத் திரும்பும் காலம். மாலை 6.12க்கு டோக்கியோவிலிருந்து ஒசாக்காவை நோக்கி 524 பேருடன் ஒரு விமானம் புறப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் அதன் வால்பகுதி ஓடுபாதையிலே மோதியிருந்தது. அதற்குச் செய்யப்பட்ட பிழையான திருத்தவேலை அன்று நடுவானிலே உடைந்தது. வாற்செட்டை பிய்ந்துபோக, கட்டுப்பாட்டை இழந்த விமானம் அரை மணி நேரத்துக்கு மேல் வானிலே தள்ளாடி, குன்மா மாகாணத்து மலையொன்றிலே வீழ்ந்தது. 520 பேர் மாண்டனர். தப்பியவர்கள் நால்வர். மாண்டவர்களில் ஒருவர் சகமோட்டோ கியூ. வயது நாற்பத்து மூன்று. மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் விட்டுச் சென்றார்.

மேலே நோக்கி நடக்கச் சொன்னவர் வானிலிருந்து வீழ்ந்தார் என்று எழுதுவது சுலபம். பலர் எழுதியும் இருக்கலாம். போரையும் விமானத்தையும் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லலங்காரத்திலே மனம் செல்லவில்லை. ஐந்நூற்று இருபது வீடுகளிலே அன்று விளக்கு அணைந்தது என்பதே உண்மை.

பாடல் பின்னும் நடந்தது. 1981இலேயே 'ஏ டேஸ்ற் ஒஃப் ஹனி' என்ற அமெரிக்கக் குழு ஆங்கிலச் சொற்களை இட்டுப் பாடி மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்திருந்தது. தொண்ணூறுகளின் நடுவிலே '4 பி.எம்.' என்ற குழு மீண்டும் எட்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தது. அந்த ஆங்கிலச் சொற்கள் பிரிந்துபோன காதலைப் பற்றியவை. எய் எழுதியதன் மொழிபெயர்ப்பு அல்ல. 1999இல் ஜப்பான் சகமோட்டோவின் உருவத்தைத் தபால் முத்திரையில் இட்டது. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் சுனாமியும் அந்நாட்டின் வடகிழக்கை அழித்தபோது, கலைஞர்கள் பலர் ஒருவர் ஒரு வரியாக இந்தப் பாடலைப் பாடித் தொலைக்காட்சியிலே ஒலிக்கச் செய்தனர். சுனாமி என்ற சொல்லின் பொருளை 2004இலே கற்றுக்கொண்ட நமக்கு, அந்நேரத்தில் ஒரு பாடல் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது தெரியும். வீட்டைத் திருப்பித் தராது. கழுத்தைச் சற்று நிமிர்த்த உதவும்.

ஆசிய மொழியிலான வேறொரு பாடல் அமெரிக்கத் தரவரிசையிலே முதலிடம் பெற, 2020ஆம் ஆண்டின் இறுதியிலே கொரியாவின் 'பி.ரி.எஸ்.' குழு வரும்வரை, ஐம்பத்தேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மொழி தெரியாத பாட்டு எவ்வாறு மனத்திலே புகுகின்றது என்ற கேள்விக்கு நாம் அதிகதூரம் போகவேண்டியதில்லை. ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி'யைச் சிங்களம் ஒரு சொல்லும் அறியாத தமிழகத்து மக்களும் பாடி ஆடினார்கள் அல்லவா? ஆனால் அவர்கள் அதைச் 'சுராங்கனி' என்றே பாடினார்கள். பெயரை மாற்றவில்லை.

இங்கேதான் நான் எனது பாடத்துக்குத் திரும்புகிறேன். குறுந்தொகையைத் தொகுத்தவரின் கையிலே பெயர் தெரியாத புலவர்களின் பாடல்கள் பல இருந்தன. அவர் என்ன செய்தார்? 'யாரோ' என்று எழுதவில்லை. பாட்டைத் திரும்பப் படித்தார். அதிலே ஒளிவிடுகின்ற ஒரு தொடரை எடுத்து, அதையே புலவருக்குப் பெயராகச் சூட்டினார். அணிலாடு முன்றிலார், கல்பொரு சிறுநுரையார், குப்பைக் கோழியார், விட்ட குதிரையார். பெயரைக் கேட்டாலே பாட்டு நினைவுக்கு வருகின்றது. பெயர் இல்லாதவருக்கு அவருடைய பாட்டிலிருந்தே பெயர் கொடுத்த தொகுப்பாளர் ஒருபுறம். பெயர் இருந்த பாட்டின் பெயரைக் கழற்றிவிட்டுச் சமையற்கட்டிலிருந்து பெயர் கொடுத்த வியாபாரி இன்னொருபுறம். இருவரும் பாட்டைக் காப்பாற்றினார்கள் என்பதை நான் மறுக்கமாட்டேன். பாட்டைப் படித்துப் பார்த்துக் காப்பாற்றியவர் ஒருவரே.

நான் எனது இருபதாவது வயதிலே ஒரு கவிதை எழுதினேன். பத்திரிகையொன்றின் கவிதைப் பக்கத்திலே வந்தது. அதன் பின்னர் எழுதியவை எவையும் எனக்கே திருப்தி தரவில்லை, விட்டுவிட்டேன். நண்பர்கள் 'ஒரு கவிதைக் கவிஞர்' என்று பகிடி பண்ணுவார்கள். நெடுநாள் அது எனக்கு உறுத்தியது. சகமோட்டோவோடோ செம்புலப் பெயனீராரோடோ என்னை ஒப்பிடுகின்ற துணிவு எனக்கில்லை. ஆயினும், ஒன்றைச் சரியாகச் செய்தவன் மற்றதைச் செய்யாமைக்காக ஏன் வெட்கப்பட வேண்டும் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். சகமோட்டோ அமெரிக்காவிலே இரண்டாவது வெற்றியைத் துரத்தி வாழ்நாளை வீணாக்கவில்லை. தன் மக்களிடம் திரும்பி வந்து, பாடவும் கதை சொல்லவும் வலுக்குறைந்தோருக்கு உதவவும் செய்தார். அந்தத் திரும்பி வருதல்தான் அவருடைய வரலாற்றிலே மாணவர்கள் படிக்க வேண்டிய பக்கம்.

அடுத்த நாள் வகுப்பிலே இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கைத்தொலைபேசியிலே பாடலைப் போட்டேன். முப்பது பிள்ளைகள், ஒருவருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. பாடல் முடியும் தறுவாயில் அந்தச் சீழ்க்கை வந்தது. பின் வாங்கிலிருந்து, தொலைபேசியின் ஒலிக்குச் சற்றுக் கீழே, இன்னொரு சீழ்க்கையும் அதனோடு சேர்ந்து ஒலித்தது. உடைந்த குரலுக்குச் சீழ்க்கையடிக்க ஒரு தடையும் இல்லை. சுரம் தப்பவில்லை.

வகுப்பறையிலே சீழ்க்கை அடிப்பது எங்கள் கல்லூரியிற் குற்றம். அன்று நான் யன்னல் பக்கம் திரும்பி, கேளாதவன்போல் நின்றுகொண்டேன்.